மூன்றாவது பாக்கெட்

அண்ணன் என்மேல் கோபமாக இருக்கிறார் என்று மூன்று நாள் நம்பினேன். சும்மா நம்பவில்லை, அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியவன் மாதிரி நம்பினேன். "எனக்குத் தெரியாதா அவர? வியாழக்கிழமை சாயங்காலம் ஆறிடும் பாரு" என்று சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மனைவிக்கு நாள் வேறு குறித்துக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் நான் பதறுவதற்கென்றே பிறந்த ஆள். கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு இருபத்திரண்டு வருடமாக ரயிலில் போய்வருகிறேன். அங்கே கல்யாணக் கார்டு அச்சடிக்கும் கடையில் வேலை. ஒருநாள் காலை, அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வந்துவிட்டோமே என்று பாடாங் ஜாவா ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்கம் ரயில் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடினேன். அயர்ன் பாக்ஸ் அலமாரிக்குள் சில்லென்று உட்கார்ந்திருந்தது. மனைவி என் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். அன்றைக்கு நான் சட்டையே தேய்க்கவில்லை. கசங்கின சட்டையோடுதான் அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறேன். ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டர் எல்லாம் நார்மல் என்றால், இந்த ஆள் ஏன் இதை இவ்வளவு மெதுவாகச் சொல்கிறார் என்று இரண்டு நாள் தூங்க மாட்டேன். எனக்குப் பதற்றம் ஒரு பார்ட் டைம் வேலை என்பாள் மனைவி.

இப்படிப்பட்டவன் அந்த மூன்று நாளும் பதறவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரே ஒரு தடவை உண்மையாகவே பதற வேண்டியிருந்தது. அப்போது பார்த்து நிதானமாக இருந்துவிட்டேன்.

அண்ணன் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டினார். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பழகியதால்தான் கீழே இருக்கிறவர்களை மனுசனாகவே மதிப்பதில்லை என்று நான் சொல்வேன். அவர் வீடும் என் வீடும் ஒரே தாமான் குடியிருப்பில், இரண்டு லோரோங் சந்து தள்ளி. என் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியில் அவர் கேட்டைத் தாண்டாமல் போக முடியாது. ஒரே மகள் பினாங்கில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். மற்ற நாளில் பண்ணினால், என்ன ஆச்சோ என்று இவர் பயந்துவிடுவாராம்.

அண்ணி காலமாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. காரியம் முடிந்த வாரத்தில், எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் மனைவியும் போய்க் கெஞ்சினோம். அவர் யோசிக்கக்கூட இல்லை.

"ஒரு மனுசனுக்கு சொந்தமா பாத்ரூம் வேணும்டா. உன் வீட்டுல காலையில வரிசையில நிக்க என்னால முடியாது."

சரி என்று கேட்டுக்கும் கிரில்லுக்கும் ஒரு செட் சாவி கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை என் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தேன். மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் கேட் முன்னால் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. 'அண்ணே, தூங்கினீங்களா' என்று கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கேட்டில் தொங்கிய பூட்டைப் பிடித்து மூன்று தடவை கடகடவென்று ஆட்டினேன். அவர் உள்ளேயிருந்து, "போடா" என்றார்.

மறுநாளும் ஆட்டினேன். போடா என்றார். முதல் மாதம் நான் வேண்டுமென்றே செய்தேன். பிறகு செய்கிறேன் என்பதே தெரியாமல் கை போய்ச் செய்தது. மழையில் குடை பிடித்த கை, டிபன் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய் பூட்டை ஆட்டியது. போடா வர நாலு விநாடி தாமதமானால் கால் தானாக நின்றது. வந்ததும் நடந்தது. ஒரு பொது விடுமுறை நாளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எட்டு மணிக்கு போன் வந்தது. "இன்னைக்கு ஏன் சனியன் வரல?" என்று கேட்டுவிட்டு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் நலம் விசாரிப்பதென்றால் இதுதான். எதற்காக ஆட்டுகிறேன் என்று நான் சொன்னதில்லை. எதற்காகப் பதில் சொல்கிறேன் என்று அவரும் சொன்னதில்லை.

கோபத்துக்கு எங்களுக்குள் தனிச் சட்டம் உண்டு. அது பூட்டைவிடப் பழையது. இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பூப்பந்து ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சண்டை போட்டோம். தப்பு என்மேல்தான். ஆனால் எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. வாயைத் திறந்தால் ஜோக்தான் வரும். அதனால் முச்சந்தியில் இருக்கிற மாமாக் டீக்கடையில் ஒரு தே தாரிக், சீனி குறைத்து, பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கயிறு போட்டுக் கட்டச் சொல்லி, அவர் கேட்டில் மாட்டிவிட்டு ஓடி வந்தேன். சாயங்காலம் பார்த்தால் அப்படியே தொங்குகிறது, எறும்பு மொய்க்க. கழற்றி எறிந்தேன். மறுநாள் இன்னொன்று. அதுவும் தொங்கியது. மூன்றாவது நாள் சாயங்காலம் காலிப் பிளாஸ்டிக்கும் ஸ்ட்ராவும் முடிச்சுப் போட்டு கேட்டில் தொங்கின. குடித்துவிட்டார். சமாதானம்.

அதற்குப் பிறகு எத்தனை சண்டை வந்தாலும் இதே கணக்குதான். முதல் பாக்கெட்டைத் தொட மாட்டார். இரண்டாவதையும் தொட மாட்டார். மூன்றாவதைக் குடித்துவிட்டு முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக்கை மாட்டுவார். அது வரைக்கும் போன் கிடையாது, பூட்டை ஆட்டுவது கிடையாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது கிடையாது. அந்த வரிசையில் எல்லாருக்கும் இது தெரியும். அண்ணன் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, நாங்கள் மக்சிக் என்போம், கேட்டில் டீ தொங்குவதைப் பார்த்தாலே, 'அபாங் மாரா லாகி' என்று சிரிப்பார். அண்ணனுக்கு மறுபடி கோபமாம்.

இந்தத் தடவை சண்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. சண்டை என்று சொல்வது என் சௌகரியத்துக்கு. நான் ஒரு அயோக்கியத்தனம் பண்ணினேன், அவர் எழுந்து போனார், அவ்வளவுதான்.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி மண்டபம். சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். வாழையிலைச் சாப்பாடு. இப்படி இடங்களில் என்னை நடு மேசையில் உட்கார வைப்பார்கள், சிரிக்க வைப்பேன் என்று. இதுவும் எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்தான். சின்ன வயதில் அப்பா ஒருநாள் அடிக்கக் கையை ஓங்கியபோது பயத்தில் எதையோ உளறினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கை பாதியில் நின்றது. அன்றைக்குக் கை நின்றது, என் வாய் நிற்கவில்லை. பயம் வரும்போதெல்லாம் வாய் முந்திக்கொள்ளும். பிறகு பயமே இல்லாதபோதும் முந்திக்கொள்ளப் பழகிவிட்டது.

அன்று காலைதான் பாசாரில் நாசி லெமாக் தேங்காய்ச்சோறு விற்கிறவர் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார், உங்கள் அண்ணன் வாரா வாரம் இரண்டு பொட்டலம் வாங்குகிறார் என்று. எனக்கு அது போதாதா.

"எங்க அண்ணன் வீட்டுக்கு புதுசா ஆள் வந்திருக்குலா," என்றேன் மேசைக்கு. "ஞாயித்துக்கிழமையானா ரெண்டு நாசி லெமாக் வாங்கிட்டுப் போறாரு. ஆள் யாருன்னுதான் காட்ட மாட்டேங்கறாரு."

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அண்ணன் எனக்கு எதிரே இருந்தார். கையில் எடுத்த ரசம் சோற்றை இலையில் திரும்ப வைத்தார். இலையை மடித்தார். எழுந்து கைகழுவப் போகிறவர் மாதிரி என் பின்னால் வந்து குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒண்ணுன்னு கேக்க வாய் வரலடா. முப்பத்தஞ்சு வருசம் ரெண்டுன்னு கேட்ட வாய்."

போய்விட்டார். அவர் படியிறங்கும்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். எட்டுப் பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் வாய் என்ன செய்யும் என்று சொன்னேனே. "பாத்தீங்களா, வீட்டுல ஆள் காத்திருக்கு போல" என்றேன். மறுபடி சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் படியில் கேட்டிருக்கும். கேட்டிருக்காது என்று என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்திப் பார்த்தேன். மண்டபத்துக்கு ஒரே படிதான், கதவும் கிடையாது.

திங்கட்கிழமை காலை சட்டப்படி பூட்டை ஆட்டாமல் போனேன். கை பாதி தூரம் நீண்டுவிட்டது, இழுத்துக்கொண்டேன். சாயங்காலம் திரும்பும்போது அவர் கேட்டருகே கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, அதாவது பார்க்காத மாதிரி இருந்தார். நான் நேர் முன்னால் வந்ததும் ரப்பர் குழாய் தெருப் பக்கம் திரும்பியது. என் காலிலிருந்த சப்பாத்து இரண்டும் நனைந்தன. ஒரு குதி குதித்து நகர்ந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த முதுகு லேசாக ஆடியது. ஆத்திரத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்தத் தடவை கேஸ் பெரிசு, நாளையிலிருந்து பாக்கெட் மாட்ட வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாமாக் கடையில் தே கட்டி வாங்கினேன். ஐந்து ஐம்பத்தைந்துக்கு கேட்டில் மாட்டினேன். பூட்டு சத்தம் போடாமல் இருக்க அதை ஒரு விரலால் பிடித்துக்கொண்டேன். வாசல் லைட் எரிந்தது. ராத்திரி முழுக்க எரியும், வெளிச்சம் வந்ததும் அணைப்பார். விடிந்த பிறகு லைட் எரிந்தால் அவருக்கு உடம்பு அரிக்கும். நான் போகும்போது எப்போதும் இருட்டாகத்தான் இருக்கும், அதனால் எப்போதும் எரியும்.

சாயங்காலம் ஏழரைக்குத் திரும்பினேன். பாக்கெட் தொங்கியது. வாசல் லைட் எரிந்தது. சரியாக ஏழுக்குப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். எறும்பைத் தட்டிவிட்டு பாக்கெட்டைக் கழற்றினேன். மக்சிக் தன் வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், அபாங் இன்னும் மாராவா என்று கேட்டார். நான் இரண்டு விரலைக் காட்டினேன், இன்னும் இரண்டு என்று. இருவரும் சிரித்தோம்.

புதன்கிழமை இரண்டாவது பாக்கெட். அன்றைக்கு ரயிலில் மன்னிப்புக் கேட்டுப் பழகிப் பார்த்தேன். மனசுக்குள் 'அண்ணே, நான் சொன்னது தப்பு' என்று ஆரம்பிப்பேன். சுபாங் ஸ்டேஷன் வருவதற்குள் அது ஜோக்காகிவிடும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். உதடு அசைந்திருக்க வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். ஒரு வழியாக, 'அண்ணே, எனக்கும் அண்ணி ஞாபகம் வருது' என்று ஒரு வாக்கியம் கிடைத்தது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன், வியாழக்கிழமைக்கு.

சாயங்காலம் இரண்டாவது பாக்கெட்டும் தொங்கியது. வீட்டில் மனைவி, ஒரு போன் பண்ணித்தான் பாருங்களேன் என்றாள். சட்டம் இருக்கு என்றேன். அவர் மூன்றாம் நாளுக்கு முன்னால் போனை எடுத்தால்தான் நான் பயப்படணும் என்று அதற்கும் ஒரு ஜோக். அவள் சிரிக்கவில்லை. நீங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒருநாள் இந்த விளையாட்டுல மாட்டிக்குவீங்க என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை மூன்றாவது. மாமாக் கடைப் பையன்கூட, நாளைக்கு வேண்டாம்தானே பாஸ் என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வேகமாகத்தான் நடந்தேன். முடிச்சுப் போட்ட காலிப் பிளாஸ்டிக்கைப் பார்க்கப் போகிற சந்தோஷம். லோரோங் திரும்பினதும் தெரிந்துவிட்டது. பாக்கெட் முழுசாக, கனமாகத் தொங்கியது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மூன்றாவதையும் தொடவில்லையென்றால் அண்ணன் என்னோடு உறவை அறுத்துவிட்டார் என்றுதான் தோன்றியது. இனிமேல் காலம் பூராவும் பேச மாட்டார், செத்தால்கூட என்னைக் கொள்ளி வைக்க விட மாட்டார் என்று எங்கெங்கோ போனேன். அவர் இல்லாமல் தீபாவளிக்கு யாரைக் கிண்டல் பண்ணுவது என்றுகூட அந்த நேரத்தில் யோசித்தேன். பதற்றம் வந்தாயிற்று. ஆனால் வழக்கம் போல வேறு ஒன்றுக்கு.

மக்சிக் கேட்டருகே வந்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொஞ்சம் குறைப்பட்டுக்கொள்கிற குரலில்தான் சொன்னார், உன் அண்ணனுக்கு என்ன ஆச்சு, மத்தியான வெயிலில்கூட வாசல் லைட் எரியுது, நேற்றும் எரிந்தது என்று.

விடிந்த பிறகு லைட்டா.

அதற்குப் பிறகு என் கை செய்ததை எழுதவே கூசுகிறது. என் கால்சட்டைப் பாக்கெட்டில் சாவி வளையம் இருந்தது. கேட்டுக்கு முதலில் என் வீட்டுச் சாவியைப் போட்டேன். பிறகு கடை ஷட்டர் சாவி. பிறகு அலமாரிச் சாவி. வாழ்நாள் பூராவும் பதறிப் பழகியவன், பதறுவதையாவது ஒழுங்காகச் செய்யக் கூடாதா. மக்சிக் என் கையிலிருந்து வளையத்தை வாங்கிச் சரியான சாவியைப் பிரித்துக் கொடுத்தார். கேட்டைத் திறக்கும்போது எதற்காகவோ அந்த டீ பாக்கெட்டையும் கழற்றி விரலில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் அவருடைய சொந்த பாத்ரூமில் கிடந்தார். ஒரு பக்கமாகச் சரிந்து, கன்னம் தரையில். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. புதன்கிழமை எடுத்து வைத்த வாக்கியம் என்னிடம் இருந்தது. நான் சொன்னது இது:

"அண்ணே, டீ ஆறிடுச்சு."

அதுதான் வந்தது.

அண்ணன் எப்போது விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு, எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் நல்லது என்றார். மனைவியை அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ஹாலில் தாள் கிழிக்கிற காலண்டர் உண்டு. காலை ஐந்தரைக்குக் குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு நேற்றைய தாளைக் கிழிப்பார். பிறகுதான் மற்றது. காலண்டரில் திங்கட்கிழமை இருந்தது, செவ்வாய்க்கிழமை காலை அதைக் கிழிக்க அவர் வெளியே வரவில்லை. ஒரு மனுசன் தவறாமல் ஒரே மாதிரி வாழ்ந்தால் இந்த உபகாரம் உண்டு. அவரால் பேச முடியாதபோது காலண்டர் பேசியது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார். உடனே கொண்டுவந்திருந்தால் கொடுக்க ஒரு மருந்து இருந்தது, இப்போது கொடுக்க முடியாது என்று மென்மையாகத்தான் சொன்னார். இந்த முறை அவர் ஏன் மெதுவாகச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

பினாங்கிலிருந்து மகள் மறுநாள் விடியற்காலையே வந்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். திட்டுகிற மாதிரிகூட இல்லை, தெரியாமல் கேட்கிற மாதிரி.

"சித்தப்பா, தினமும் பூட்ட ஆட்டுவீங்கல்ல?"

முதல் தடவையாக என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

அண்ணனுக்கு வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நர்ஸ் பேனாவைக் காட்டுவார், பெயர் வராது. மகளைக் காட்டுவார், கண்ணில் தெரியும், வாயில் வராது. ஒரு வாரம் கழித்து ஒருநாள் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தேன். பக்கவாட்டுக் கம்பியில் கையை வைத்திருந்தேன். கை பழைய பழக்கத்தில் மூன்று தடவை ஆட்டிவிட்டது. கடகடவென்று சத்தம்.

"போடா" என்றார் அண்ணன்.

தெளிவாக. அதே குரல். நர்ஸ் திரும்பிப் பார்த்தார். மகள் அழ ஆரம்பித்தாள். மறுபடி ஆட்டினேன். போடா. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் அப்புறம் விளக்கினார், இது சிலருக்கு நடப்பதுதான் என்று. யோசித்துப் பேசுகிற பேச்சு போய்விட்டாலும், வருடக்கணக்கில் வாய்க்குப் பழகின சொல் சில சமயம் தங்கிவிடுமாம். அதைச் சொல்ல யோசிக்க வேண்டியதில்லையாம்.

அதற்குப் பிறகு நான் பண்ணின அட்டகாசத்தில் பக்கத்துக் கட்டில்காரர் புகார் கொடுத்துவிட்டார். போகும்போது ஆட்டுவேன், வரும்போது ஆட்டுவேன். ஒவ்வொரு போடாவையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இதில் கோபம் இருக்கிறதா, இல்லையா? மன்னித்துவிட்டுச் சொல்கிறாரா? மண்டபத்துப் படியை நினைத்துக்கொண்டு சொல்கிறாரா? யோசிக்காமல் வருகிற சொல் என்று அந்தப் பெண் சொல்லிவிட்ட பிறகு, அது எனக்குச் சொன்னதா கம்பிக்குச் சொன்னதா என்பதே தெரியவில்லை. எடுத்து வைத்திருந்த வாக்கியத்தை ஒருநாள் காதருகே சொன்னேன், எனக்கும் அண்ணி ஞாபகம் வருதுண்ணே என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை அசைந்தது. எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் போர்வையை இழுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டார். அன்று காலையும் ஆட்டினேன். அன்று பதில் வரவில்லை.

பதினாறாம் நாள் கார்டை எங்கள் கடையிலேயே அடித்தோம். கல்யாணத்துக்கு ஓடுகிற அதே மெஷின்தான், மையை மட்டும் மாற்றுவோம். வேறு யாராவது பார்க்கட்டும் என்றார் முதலாளி. நான்தான் பார்ப்பேன் என்று உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. மறுபடி பார்த்தேன்.

அவர் வீட்டை மகள் வாடகைக்கு விட்டிருக்கிறாள். தொழிற்சாலையில் வேலை செய்கிற நாலு நேப்பாளிகள் இருக்கிறார்கள். அவர்கள் வந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கு, நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு நடக்க, கை போய்ப் பூட்டை ஆட்டிவிட்டது. கைலியோடு ஒருத்தர் ஓடி வந்தார். "யா, பாஸ்?" என்றார். என்ன சொல்வது? இங்கே பார்க்கிங் இருக்கா என்று மலாயில் கேட்டேன், கையில் டிபன் பையோடு, காரே இல்லாத நான். அவர் பாவம், கேட்டைத் திறந்து இடம் காட்டினார். இப்போது அடுத்த லோரோங் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறேன். ஏழு நிமிஷம் அதிகம். அங்கேயும் எதிர்ப்படுகிற ஒவ்வொரு கேட்டுக்கும் கை கொஞ்சம் உயர்ந்து இறங்குகிறது.

காரியத்துக்கு வந்த மக்சிக் ஒன்று சொன்னார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நான் சப்பாத்து நனைந்து குதித்துப் போன பிறகு, அண்ணன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அவன் குதித்ததைப் பார்த்தாயா என்று மக்சிக்கிடம் கேட்டாராம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு உள்ளே போனாராம். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. பாக்கெட் தொங்கியதால் மறுபடி ஏதோ சண்டை என்று அவர் நினைத்துக்கொண்டார். அவரும் எங்கள் சட்டம் தெரிந்தவர்தானே.

அண்ணன் என்மேல் கோபமாக இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பாத்ரூமில் விழுந்தார். வியாழக்கிழமை இரவு ஏழே முக்கால் வரை அங்கேயே கிடந்தார். அதற்குள் நான் அந்தக் கேட் முன்னால் ஐந்து தடவை நின்றுவிட்டுப் போனேன். சாவி என் பாக்கெட்டில் இருந்தது.